பூசணிக்காய் முதல் வீஆர் வரை: வெட்டப் பழகும் கைகளின் வரலாறு

விடுமுறைக்கு ஊர் வந்திருந்த எங்கள் தோழி ஒருத்தி, மாதக் கூட்டத்துக்கு ஒரு றெஜிபோம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மருத்துவபீடத்தில் படிக்கிற பிள்ளை. பெட்டி, மீனுக்கு ஐஸ் போட்டுக் கொழும்புக்கு அனுப்புகிற அதே வெள்ளைப் பெட்டிதான். மூடியில் இரண்டு துளை. உள்ளே ஒரு பழைய போனும் சின்ன லைற்றும் கட்டியிருந்தாள். போனின் கமரா பார்ப்பது மேசையிலிருந்த லப்டொப்பில் தெரிந்தது. துளைகளுக்குள்ளால் இரண்டு நீளமான இடுக்கிகளை விட்டு, திரையைப் பார்த்துக்கொண்டே, ஒரு போத்தல் மூடியில் கிடக்கும் பயறை ஒவ்வொன்றாக எடுத்து மற்ற மூடிக்குள் போடவேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

எங்களில் ஒருத்தருக்கும் சரிவரவில்லை. கையை வலப்பக்கம் கொண்டுபோனால் இடுக்கியின் நுனி இடப்பக்கம் போகிறது. கையை உயர்த்தினால் நுனி தாழ்கிறது. திரையில் பயறு கிட்ட இருப்பது மாதிரித் தெரியும், இடுக்கி அதை எட்டவே எட்டாது. பத்து நிமிஷத்தில் வேர்த்துவிட்டது. அப்போதுதான் கூட்டம் நடந்த வீட்டுச் சித்தப்பா எட்டிப் பார்த்தார். முப்பது வருஷமாகக் கடலுக்குப் போகிறவர். நாலைந்து தடவை தவறவிட்டார். அதற்குப் பிறகு பயறு ஒவ்வொன்றாக மற்ற மூடிக்குள் விழத் தொடங்கியது. "இஞ்சின் பிடிக்கிற கைக்கு இது புதுசில்லைப் பிள்ளை. தடியை இந்தப் பக்கம் தள்ளினால் போட் அந்தப் பக்கம்தானே திரும்பும்" என்றார்.

பிறகு இடுக்கியை வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "அப்ப இந்த டொக்டர்மார் முதன்முதலா இதை ஆரில பழகினவை?"

தோழி உடனே பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வியைத் தேடிப் போனதில் வந்ததுதான் இந்தக் கட்டுரை. வீஆர், ஏஆர் என்று இன்று பேசப்படும் கருவிகளைப் பற்றி எழுதத்தான் முதலில் யோசித்தோம். வாசிக்க வாசிக்க, அந்தக் கருவிகள் ஒரு மிகப் பழைய கேள்விக்கு வந்த கடைசிப் பதில்களில் ஒன்று என்பது விளங்கியது. வெட்டப் பழகுகிற கை பிழை விட்டே ஆகும். அந்தப் பிழையை யாருடைய உடம்பு சுமப்பது?

பூசணிக்காயும் துணிப் பொம்மையும்

இந்தக் கேள்வியை எங்கள் பக்கத்து மருத்துவ மரபு மிக முன்னரே யோசித்திருக்கிறது. சுசுருத சங்கிதையில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. சாத்திரம் முழுவதையும் வாசித்தவன் என்றாலும் கை பழகாதவன் வேலைக்கு உதவமாட்டான் என்பது அதன் அடிப்படை. அதற்காக அது ஒரு பயிற்சிப் பட்டியலே தருகிறது. வெட்டப் பழகுவதற்குப் பூசணி, சுரை, வெள்ளரி போன்ற காய்கள். நாளத்தைக் குத்தப் பழகுவதற்குச் செத்த விலங்கின் நாளம் அல்லது தாமரைத் தண்டு. காயத்துக்குள் கருவி விட்டு ஆழம் பார்ப்பதற்குப் பூச்சி அரித்த மரம். சுரண்டுவதற்கு மயிரோடு விரித்த தோல். தைப்பதற்குத் துணியும் மெல்லிய தோலும். கட்டுப் போடப் பழகுவதற்கு ஆள் அளவில் செய்த பொம்மை.

இதைப் பெருமை பேசுவதற்காகச் சொல்லவில்லை. "எல்லாம் எங்களிடம் அப்பவே இருந்தது" என்ற கதை எங்களுக்கும் சலித்துவிட்டது. கவனிக்க வேண்டியது வேறு. ஒவ்வொரு செயலையும் தனியாகப் பிரித்து, அதற்குப் பொருத்தமான ஒரு பொருளைத் தேர்ந்து, உயிருள்ள உடம்பைத் தொடுவதற்கு முன் அதில் பழகு என்கிறது அந்த நூல். இன்றைய பயிற்சிக் கருவிகளும் இதே முறையில்தான் அமைகின்றன: பிடித்தல் ஒரு பாடம், வெட்டுதல் ஒரு பாடம், முடிச்சுப் போடுதல் ஒரு பாடம்.

பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரான்சில் மதாம் து குத்ரே என்றொரு மருத்துவிச்சி இருந்தார். கிராமங்களில் பிரசவத்தில் தாயும் பிள்ளையும் சாவதைப் பார்த்து, துணியும் தோலும் பஞ்சும் வைத்து ஒரு பெண்ணின் இடுப்புப் பகுதியைச் செய்தார். உள்ளே பொம்மைக் குழந்தை. அதை எந்தப் பக்கமாகவும் திருப்பி வைத்து, "இப்படி வந்தால் என்ன செய்வாய்?" என்று கேட்கலாம். 1759 இல் மன்னர் பதினைந்தாம் லூயியின் ஆணை கிடைத்தபின், அந்த 'இயந்திரத்தோடு' இருபது வருஷத்துக்கு மேல் ஊர் ஊராகப் போய் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார். பலருக்கு எழுத்து வாசிப்புத் தெரியாது. புத்தகத்தால் முடியாததைப் பொம்மை செய்தது. தலைநகருக்கு வரமுடியாதவர்களிடம் பயிற்சியே பயணப்பட்டுப் போனது. மன்னார் மாதிரி ஓர் ஓரத்திலிருந்து பார்க்கிற எங்களுக்கு இது முக்கியமான விஷயம்.

யாருடைய உடம்பு

ஆனால் வரலாற்றின் பெரும்பகுதியில் பூசணிக்காயும் பொம்மையும் போதவில்லை. மனித உடம்பே தேவைப்பட்டது. அது யாரிடமிருந்து வந்தது என்று பார்த்தால் படம் இருண்டுவிடுகிறது.

எடின்பரோவில் உடற்கூற்று வகுப்புகளுக்குப் பிணம் விற்றுக் காசு பார்ப்பதற்காக பர்க், ஹெயர் என்ற இருவர் 1828 இல் பதினாறு பேரைக் கொன்றார்கள். கொல்லப்பட்டவர்கள் ஏழைகள், வழிப்போக்கர்கள், தேட ஆளில்லாதவர்கள். அதன் பின் 1832 இல் பிரித்தானியா கொண்டுவந்த உடற்கூற்றுச் சட்டம் கொலைக்கான சந்தையை மூடியது. ஆனால் ஏழைகள் காப்பகங்களில் செத்து, யாரும் உரிமை கோராத உடல்கள் கல்லூரிகளுக்குப் போக வழி திறந்தது. அமெரிக்காவின் அலபாமாவில் 1840 களின் பிற்பகுதியில் மரியன் சிம்ஸ் என்ற வைத்தியர் அடிமைப் பெண்கள் மீது மயக்கமருந்து இல்லாமல் திரும்பத் திரும்பச் சத்திரசிகிச்சை செய்து தன் முறையைச் சீர்ப்படுத்தினார். அவர்களில் அனார்கா என்ற இளம்பெண்ணுக்கு மட்டும் முப்பது தடவை. அந்த முறை பிறகு உலகம் முழுக்கப் பெண்களைக் காப்பாற்றியது உண்மை. அதைப் பழகிய விலையை அனார்கா கொடுத்ததும் உண்மை.

பயிற்சி ஒழுங்குக்குள் வந்த பிறகும் இந்தக் கணக்கு மாறவில்லை. 1889 இல் திறந்த ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட், ஆஸ்பத்திரியிலேயே தங்கிப் படிப்படியாகப் பொறுப்பேற்கும் பயிற்சி முறையை வளர்த்தார். உலகம் பூராவும் இன்றைக்கும் அதன் வழிதான். "ஒன்றைப் பார், ஒன்றைச் செய், ஒன்றைச் சொல்லிக்கொடு" என்று அந்த மரபைச் சுருக்கிச் சொல்வார்கள். நடுவில் வரும் அந்த 'ஒன்றைச் செய்' என்பது ஒரு நோயாளியின் வயிறு. இலவச வார்டில் படுத்திருப்பவரின் வயிறு. காசு கட்டுகிற அறைக்குள் கற்றுக்குட்டியின் கை அவ்வளவு எளிதாகப் போகாது.

மானிப்பாயில் ஒரு வகுப்பு

மன்னாரிலிருந்து பூநகரி வழியாக வடக்கே போனால், யாழ்ப்பாண நகரத்துக்குக் கொஞ்சம் அப்பால் மானிப்பாய். தமிழில் மேலைத்தேயச் சத்திரசிகிச்சை கற்பிக்கப்பட்ட ஊர் அது.

அமெரிக்காவின் மசாசுசெட்சைச் சேர்ந்த சமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தார். முதலில் வட்டுக்கோட்டை, பிறகு மானிப்பாய். 1848 இலேயே உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்து வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். கொழும்பு மருத்துவக் கல்லூரி 1870 இல்தான் தொடங்கியது என்பதை நினைவில் வைத்தால் இதன் காலம் விளங்கும். இரண்டு தடவையாக, மொத்தம் இருபது வருஷத்துக்கு மேல் இங்கே இருந்து, 1873 இல் திரும்பிப் போனார். அறுபதுக்கு மேற்பட்டவர்கள் அவரிடம் பயின்று வைத்தியர்களானார்கள்.

ஆரம்பத்தில் வகுப்பு ஆங்கிலத்தில். 1864 அளவில் அதைத் தமிழுக்கு மாற்றினார். அதற்கான காரணம்தான் எங்களை நிறுத்தி வைத்தது. ஆங்கிலத்தில் படித்தவர்கள் நல்ல சம்பளத்தோடு அரசாங்க உத்தியோகத்துக்கு வெளியே போய்விடுகிறார்கள், தமிழில் படித்தால் ஊரிலே இருந்து ஊராருக்கு வைத்தியம் பார்ப்பார்கள் என்று அவர் கணக்குப் போட்டார். மதம் பரப்ப வந்தவர் என்பதையும் மறைக்கத் தேவையில்லை, அதையும் அவர் வெளிப்படையாகவே சொன்னார். ஆனால் படித்தவன் ஊரில் நிற்பானா என்ற கேள்வியை 160 வருஷத்துக்கு முதலே அவர் கேட்டுவிட்டார்.

தமிழில் கற்பிக்கப் புத்தகம் வேண்டும். அவரும் அவருடைய மாணவர்களும் அந்த வேலையில் இறங்கினார்கள். 1857 இல் 'பிரசவ வைத்தியம்'. 1867 இல் டுருயிட் எழுதிய சத்திரசிகிச்சை நூல் 'இரண வைத்தியம்' ஆனது. 1872 இல் கிரேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் வந்தது. இரசாயனத்துக்கு 'கெமிஸ்தம்'. சொல் கிடைத்த இடத்தில் சொல், கிடைக்காத இடத்தில் ஒலியைத் தமிழாக்கிக்கொண்டார்கள். கலைச்சொல் தொகுப்புகளும் போட்டார்கள். ஈழத்துக் கவிஞர் அம்பி 1967 இல் 'கிறீனின் அடிச்சுவடு' என்ற நூலை எழுதி இந்தக் கதையை எங்களுக்கு மீட்டுத் தந்தார்.

புத்தகத்தால் கை பழகுமா என்று கேட்கலாம். பழகாதுதான். ஆனால் எந்த நாளம் எந்தத் தசைக்குக் கீழே ஓடுகிறது என்று தாய்மொழியில் படம் மனதில் பதிந்தவனுக்கு, கத்தி எடுக்கும்போது பாதி இருட்டு விலகியிருக்கும். வீஆர் கண்ணாடி இன்றைக்குக் கண்ணுக்கு முன்னால் விரிப்பதும் அந்த உடற்படத்தின் தொடர்ச்சிதான். ஒரே வித்தியாசம், அதைச் சுற்றி வந்து பார்க்கலாம், உள்ளே நுழைந்தும் பார்க்கலாம்.

தமிழ் வகுப்பு நீடிக்கவில்லை. கிறீன் போன பிறகு அது மெல்ல அற்றுப்போனது. உத்தியோகம் ஆங்கிலத்தில் இருக்கும்போது படிப்பை மட்டும் தமிழில் வைத்திருக்க முடியவில்லை.

சிறு துளையும் பெரிய பிழையும்

இனி நூறு வருஷத்தைத் தாண்டுவோம். எங்கள் றெஜிபோம் பெட்டியின் கதை 1980 களில் தொடங்குகிறது.

1985 இல் ஜேர்மனியில் எரிக் மூஹே, 1987 இல் பிரான்சின் லியோனில் பிலிப் மூரே, வயிற்றைத் திறக்காமல் சிறு துளைகள் வழியாகப் பித்தப்பையை அகற்றினார்கள். 1990 இல் மும்பையில் தெஹெம்டன் உத்வாடியா இந்தியாவில் அதைத் தொடங்கினார். கோயம்புத்தூரில் சி. பழனிவேலு இதை ஒரு பெரிய பயிற்சி மையமாகவே வளர்த்தார். நோயாளிக்கு வலி குறைவு, இரண்டு மூன்று நாளில் வீட்டுக்குப் போகலாம். எல்லோரும் கேட்டார்கள்.

சிக்கல் வைத்தியர்களின் பக்கத்தில். இருபது வருஷம் வயிற்றைத் திறந்து பழகிய கைகள் திடீரென்று எங்களைப்போல ஆகிவிட்டன. தொட்டுப் பார்க்க முடியாது. ஆழம் தெரியாது. கை ஒரு பக்கம், நுனி மறுபக்கம். பலர் வாரக் கடைசியில் ஒரு சிறு வகுப்புக்குப் போய்விட்டுத் திங்கட்கிழமை நோயாளியில் தொடங்கினார்கள். பித்தக் குழாய் வெட்டுப்படும் விபத்துகள் அதிகரித்தன. வெட்டுப்பட்டால் வாழ்நாள் முழுக்க வேதனை, சிலவேளை மரணம். 1992 இல் நியூயோர்க் மாநிலச் சுகாதாரத் திணைக்களம் தலையிட்டு, மேற்பார்வையில் செய்து பழகாமல் யாரும் தனியாகச் செய்யக்கூடாது என்ற வழிகாட்டலை வெளியிட வேண்டி வந்தது.

பெரிய நிபுணரும் புதுக் கருவிக்கு முன்னால் கற்றுக்குட்டிதான் என்பதை மருத்துவ உலகம் அப்போதுதான் வெளிப்படையாக ஒத்துக்கொண்டது.

விமானியிடமிருந்து வந்த யோசனை

விமானிகள் இந்தப் பிரச்சினையை முன்னரே சந்தித்திருந்தார்கள். 1929 இல் அமெரிக்காவின் எட்வின் லிங்க், நிலத்திலேயே அசைந்தாடும் ஒரு பொய் விமானத்தைச் செய்தார். மேகத்துக்குள் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்க அதில் பழகினார்கள். விழுந்தாலும் யாரும் சாகமாட்டார்கள்.

அதே யோசனையை வயிற்றுக்குள் கொண்டுபோனவர்களில் முதல்வர், அமெரிக்க இராணுவச் சத்திரசிகிச்சை நிபுணர் ரிச்சர்ட் சட்டாவா. மெய்நிகர் யதார்த்தம் என்ற வீஆரை அறியப்பண்ணிய ஜேரன் லேனியரோடு சேர்ந்து ஒரு வயிற்றைக் கணினிக்குள் கட்டி, 1993 இல் அதைப் பற்றி எழுதினார். கார்ட்டூன் மாதிரியான வயிறுதான். ஆனால் தலையில் கண்ணாடி மாட்டி உள்ளே போய்ப் பார்க்கலாம்.

உண்மையான உடம்பு மாதிரி இருக்க வேண்டுமென்றால் உண்மையான உடம்பு ஒன்றின் தரவு வேண்டும். அது 1994 இல் வந்தது. 'காணக்கூடிய மனிதன்' என்ற அமெரிக்கத் திட்டம் ஓர் ஆணின் உடலை உறையவைத்து, ஒரு மில்லிமீற்றர் தடிப்பில் 1,871 படலங்களாகப் படமெடுத்து வெளியிட்டது. பல உடற்கூற்று மென்பொருள்களுக்கும் பயிற்சிக் கருவிகளுக்கும் அதுதான் மூலம். அந்த மனிதர் ஜோசப் போல் ஜேர்னிகன். 1993 இல் டெக்சாசில் மரணதண்டனை நிறைவேற்றப்பட்ட கைதி. உடலைத் தானம் செய்ய ஒப்பினார், ஆனால் என்ன செய்யப் போகிறார்கள் என்பது அவருக்கு முழுவதும் தெரிந்திருந்ததா என்ற விவாதம் ஓயவில்லை. சித்தப்பாவின் கேள்வி கணினிக்குள்ளும் துரத்திக்கொண்டு வருகிறது.

அடுத்து, இந்தக் கருவியில் பழகினால் உண்மையாகவே கை திருந்துமா? 2002 இல் யேல் பல்கலைக்கழகத்தில் 16 பயிற்சி வைத்தியர்களை இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப்பேர் வழக்கமான பயிற்சியோடு வீஆரிலும் பழகினார்கள். பிறகு எல்லோரும் உண்மையான பித்தப்பைச் சத்திரசிகிச்சையில் ஈடுபட்டார்கள். யார் எந்தக் குழு என்று தெரியாத நிபுணர்கள் வீடியோவைப் பார்த்து மதிப்பிட்டார்கள். வீஆரில் பழகியவர்கள் 29 சதவீதம் விரைவாகச் செய்தார்கள். பழகாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ தவறான இடத்தைச் சுடவோ ஐந்து மடங்கு வாய்ப்பு இருந்தது. சின்ன ஆய்வுதான். ஆனால் அதற்குப் பிறகு இதை வெறும் விளையாட்டுச் சாமான் என்று தள்ளிவிட முடியவில்லை.

கண்ணில் கிடைத்த சான்று

மிகத் தெளிவான சான்று வந்தது கண் சத்திரசிகிச்சையில். எங்கள் கடற்கரையில் வெயிலில் வாழ்ந்து வயதான பல பேருக்குக் கண்புரை என்ன என்று சொல்லத் தேவையில்லை.

மதுரையில் ஜி. வெங்கடசாமி 1976 இல் 11 கட்டில்களோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையை எங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். இளம் வயதிலேயே மூட்டுவாதத்தால் அவருடைய விரல்கள் கோணிவிட்டன. அந்தக் கைகளுக்குக் கத்தி பிடிக்கத் திரும்பப் பழக்கி, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கண் சத்திரசிகிச்சைகளைச் செய்தார். கை என்பது பிறவியில் வருவதில்லை, பழகி வருவது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? தமிழ்நாட்டிலும் மற்ற இடங்களிலும் கண் வைத்தியம் படிப்பவர்கள் நெடுங்காலமாக ஆட்டுக் கண்ணில் பழகுகிறார்கள்.

வீஆர் பயிற்சிக் கருவி வந்த பிறகு பிரித்தானியாவில் ஒரு பெரிய கணக்கெடுப்புச் செய்தார்கள். கண்புரை எடுக்கும்போது வில்லைக்குப் பின்னாலுள்ள மெல்லிய சவ்வு கிழிவதுதான் கற்றுக்குட்டி விடுகிற முக்கிய பிழை. முதல் இரண்டு வருஷப் பயிற்சியாளர்கள் செய்த 17,831 சத்திரசிகிச்சைகளைப் பார்த்தார்கள். 2009 இல் 4.2 சதவீதமாக இருந்த அந்தப் பிழை, 2015 இல் 2.6 ஆகக் குறைந்திருந்தது. அந்த இடைவெளிக்குள் இருப்பது எண்ணல்ல, ஆட்கள். யாரோ ஒருவருடைய அம்மம்மாவின் கண்.

இதோடு இன்னொரு ஆய்வையும் சேர்த்து வாசிக்க வேண்டும். கென்யா, தன்சானியா, உகண்டா, சிம்பாப்வே ஆகிய நாடுகளின் 50 பயிற்சிக் கண் வைத்தியர்கள். ஒரு பகுதியினருக்கு ஆரம்பத்திலேயே ஐந்து நாள் தீவிரப் பயிற்சி. கணினி இல்லை, வீஆர் இல்லை. செயற்கையாகச் செய்த கண்கள், நுணுக்குக்காட்டி, ஒவ்வொரு அசைவையும் பார்த்துத் திருத்தும் ஆசிரியர். 2021 இல் முடிவு வந்தது. அடுத்த ஒரு வருஷத்தில் அவர்கள் செய்த சத்திரசிகிச்சைகளில் சவ்வுக் கிழிவு 7.8 சதவீதம். அந்தப் பயிற்சி பெறாதவர்களிடம் 26.6.

எங்களுக்கு இந்தக் கட்டுரையில் மிக முக்கியமான எண்கள் இவைதான். வேலை செய்தது கண்ணாடியின் மினுக்கம் அல்ல. நோயாளியைத் தொடுவதற்கு முன், பிழை விட அனுமதியுள்ள ஓர் இடமும், திருத்த ஓர் ஆளும், திரும்பத் திரும்பச் செய்ய நேரமும். வீஆர் அதைத் தரலாம். பிளாஸ்டிக் கண்ணும் தரலாம். பூசணிக்காயும் ஓரளவு தந்தது.

தூரத்திலிருந்து வரும் கை

ஏஆர் கொஞ்சம் வேறு. அது கண்ணை மூடி வேறு உலகத்துக்குக் கொண்டுபோகாது. முன்னால் இருக்கும் உண்மையான உடம்பின் மேல் படத்தையோ கோட்டையோ இன்னொருவரின் கையையோ சேர்த்துக் காட்டும்.

2013 இல் சென்னையில் வைத்தியர் ஜே.எஸ். ராஜ்குமார் கூகுள் கண்ணாடியை அணிந்து சத்திரசிகிச்சை செய்து, தான் பார்ப்பதை நேரடியாக மற்றவர்களுக்குக் காட்டினார். 2016 இல் லண்டனில் ஷாபி அகமது ஒரு சத்திரசிகிச்சையை 360 பாகையில் நேரலையாக விட்டார், போனையும் மட்டைக் கண்ணாடியையும் வைத்துக்கொண்டு யாரும் அந்த அறைக்குள் நிற்பதுபோலப் பார்க்கலாம். அதே காலத்தில் பெய்ரூத்தில் இருந்த கசான் அபு சித்தா, முற்றுகைக்குள் இருந்த காசாவின் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவருக்கு, குண்டில் சிதைந்த ஒரு கையைச் சீர்செய்ய, திரையில் கோடு போட்டுக் காட்டி வழிநடத்தினார். எல்லை மூடியிருந்தது, வெளியிலிருந்து நிபுணர் போக முடியாது. அவருடைய கைக்கோடு மட்டும் போனது.

இதை வாசித்தபோது எங்களுக்கு 1990 களின் மன்னார் ஞாபகம் வந்தது. ரயில் நின்றது, பாலம் உடைந்தது, பெருநிலத்தோடு தொடர்பு அறுந்தது. தலைமன்னார் வரை ரயில் மீண்டும் ஓட 2015 வரை காத்திருந்தோம். அந்த வருஷங்களில் எங்கள் ஆட்களுக்கு ஒரு கைக்கோடு கூட வந்து சேரவில்லை.

மன்னாருக்கு இதில் என்ன?

இப்போது பாதை இருக்கிறது. பாலமும் இருக்கிறது. ஆனால் தீவில் வாழும் ஒவ்வொரு குடும்பத்திடமும் ஓர் அம்புலன்ஸ் கதை உண்டு. "மேலதிக சிகிச்சைக்காக மாற்றப்பட்டார்" என்ற வசனம் எங்களுக்கு மனப்பாடம். வவுனியாவோ அனுராதபுரமோ யாழ்ப்பாணமோ, எதுவும் ஒரு மணித்தியாலத்துக்குக் குறைந்த பயணமில்லை. சித்தப்பாவின் அண்ணரைக் கொண்டுபோன இரவைப் பற்றி அவர் இப்போதும் பேசமாட்டார். அவருடைய கேள்வி சும்மா வந்த கேள்வி இல்லை.

எங்கள் கூட்டத்தில் இதைப் பேசும்போது ஒரு தம்பி கோபமாகவே கேட்டான்: "இருக்கிற டொக்டரே நிக்கினமில்லை. மருந்து வெளியில வாங்கச் சொல்லுகினம். இதுக்குள்ள உங்களுக்கு வீஆரா?" அவன் சொல்வதில் நியாயம் உண்டு. 2022 நெருக்கடிக்குப் பிறகு எத்தனையோ வைத்தியர்கள் நாட்டை விட்டே போய்விட்டார்கள். முழு வசதியுள்ள ஒரு பயிற்சிக் கருவி கோடிக்கணக்கான ரூபாய். வாங்கி, நாடா வெட்டி, போட்டோ எடுத்து, பிறகு உறை போட்டு மூடி வைக்கப்படும் சாமான்களை நாங்களும் நிறையப் பார்த்துவிட்டோம்.

ஆனால் அவனுடைய கேள்விக்குள்ளேயே பதிலும் இருக்கிறது. இளம் வைத்தியர் ஏன் ஓரத்தில் நிற்பதில்லை? சம்பளம், வீடு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் காரணம்தான். அதோடு, இங்கே இருந்தால் கற்க முடியாது என்ற பயமும் உண்டு. பெரிய ஆஸ்பத்திரியில்தான் அதிக நோயாளி, அதிக நிபுணர், அதிக 'கை'. பயிற்சி நோயாளியின் உடம்போடு மட்டும் கட்டப்பட்டிருக்கும் வரை, நோயாளி அதிகமுள்ள நகரத்துக்குத்தான் கற்றுக்கொள்பவர் போவார். பயிற்சியின் ஒரு பகுதியாவது பெட்டிக்குள்ளோ கண்ணாடிக்குள்ளோ வந்துவிட்டால், அது மதாம் து குத்ரேயின் பொம்மை மாதிரி எங்கேயும் வரலாம். இரவு வேலை முடிந்த ஒரு வைத்தியர் எங்கள் ஊரிலேயே இருந்து முடிச்சுப் போட்டுப் பழகலாம். தூரத்து ஆசிரியர் ஒருவர் அதைத் திரையில் பார்த்துத் திருத்தலாம்.

அதனால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று சொல்லவரவில்லை. தலையில் மாட்டும் சாதாரண வீஆர் கண்ணாடிக்கு இன்னும் தொடு உணர்வு வராது. தசை கொடுக்கும் எதிர்ப்பும், திடீரென்று பாயும் இரத்தத்தின் பதற்றமும், நோயாளியின் மகள் கதவுக்கு வெளியே நிற்கிறாள் என்ற நினைப்பும் அதில் இல்லை. முதல் நோயாளி எப்போதும் முதல் நோயாளிதான். அவருக்கு முன்னால் அந்தக் கை எத்தனை நூறு தடவை பிழைத்துத் திருந்தியிருக்கிறது என்பதைத்தான் மாற்றலாம்.

மொழியும் இருக்கிறது. இந்தக் கருவிகள் பேசுவது பெரும்பாலும் ஆங்கிலம். நிபுணருக்கு அது பிரச்சினையில்லை. ஆனால் சத்திரசிகிச்சை அறையில் வைத்தியர் மட்டுமா நிற்கிறார்? தாதியரும் உதவியாளரும் குடும்பநல உத்தியோகத்தரும் பழகவேண்டிய பாடங்கள் எத்தனையோ இருக்கின்றன. 'இரண வைத்தியம்' வந்து 150 வருஷத்துக்கு மேலாகிவிட்டது. ஒரு வீஆர் பாடத்துக்குத் தமிழில் குரல் கொடுப்பது அதைவிடக் கஷ்டமான வேலை இல்லை. எங்களில் மென்பொருள் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள், படம் வரைகிறவர்கள் இருக்கிறார்கள். இதை வாசிக்கிற யாராவது ஒரு மருத்துவ மாணவர் கூட வந்தால் சின்னதாக ஒன்றைத் தொடங்கிப் பார்க்கலாம்.

தோழி விடுமுறை முடிந்து போய்விட்டாள். பெட்டியை எங்களிடம் விட்டுவிட்டுப் போனாள். கூட்டம் நடக்கும் வீட்டு முன்னறையில், கிழிந்த வலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு நிமிஷத்தில் பதினொரு பயறு, இதுவரைக்கும் சித்தப்பாவின் கணக்குத்தான் முன்னுக்கு. அதை முறியடிக்க நினைக்கிறவர்கள் ஞாயிறு பின்னேரம் வரலாம். வைத்தியம் படிக்கிறவர்கள் என்றால் பெட்டியை வீட்டுக்கே கொண்டுபோகலாம், திருப்பித் தந்தால் சரி.